வெளிநாட்டில் கார் வாடகைக்கு எடுக்க ‘இன்டர்நேஷனல் லைசென்ஸ்’ கட்டாயமா?

நீங்கள் கேட்டது இது: வரும் ஜூனில் குடும்பத்தோடு 12 நாள் இத்தாலிப் பயணம். ரோமில் இறங்கி, கார் வாடகைக்கு எடுத்து, டஸ்கனிப் பக்கம் சுற்றிவிட்டு மிலனில் வண்டியை ஒப்படைக்கத் திட்டம். உங்களிடம் தமிழ்நாட்டு ஸ்மார்ட் கார்டு லைசென்ஸ் இருக்கிறது, விவரமெல்லாம் ஆங்கிலத்தில்தான். அதோடு ‘இன்டர்நேஷனல் லைசென்ஸ்’ என்ற சிறு புத்தகமும் வாங்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர், “அதையெல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள், காசை வீணாக்காதே” என்கிறார். அலுவலக நண்பரோ, கிரீஸில் அந்தப் புத்தகம் இல்லை என்று கவுன்ட்டரிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இருவர் சொல்வதும் உண்மைதான். மைத்துனர் ஓட்டிய ஊரில் அது தேவைப்படவில்லை, நண்பர் போன ஊரில் தேவைப்பட்டது. உங்களுக்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இத்தாலியில் சட்டமே அதைக் கேட்கிறது, எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். ஆனால் அடுத்த வருடம் இதே கேள்வி வேறு நாட்டுக்காக வரும். அதனால் அந்தப் புத்தகம் என்ன, யார் யார் அதைக் கேட்கிறார்கள், ஏன் ஊருக்கு ஊர் மாறுகிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். திருச்சியில் பயண ஏற்பாட்டுத் தொழிலில் 14 வருடமாக இருக்கிறேன். வாடகைக் கார் விஷயத்தில் நம்மவர்கள் பணம் இழந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். விபத்தால் இழந்தவர்கள் குறைவு. காகிதம் சரியில்லாமல் இழந்தவர்கள்தான் அதிகம்.

குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. நம் ஊரில் எல்லோரும் ‘இன்டர்நேஷனல் லைசென்ஸ்’ என்கிறோம். அது லைசென்ஸே இல்லை. சர்வதேச ஓட்டுநர் அனுமதி, சுருக்கமாக ஐ.டி.பி., என்பது உங்கள் லைசென்ஸில் இருப்பதைப் பல மொழிகளில் எடுத்துச் சொல்லும் ஒரு சிறு புத்தகம். சாம்பல் நிற அட்டை, உள்ளே வெள்ளைத் தாள், கைக்கு அடக்கமாக 105க்கு 148 மில்லிமீட்டர் அளவு. ‘இவர் இன்ன வகை வண்டி ஓட்டத் தகுதி பெற்றவர்’ என்று உங்கள் அரசு இன்னோர் அரசின் போலீஸ்காரருக்கு அவருக்குப் புரியும் மொழியில் சொல்கிறது, அவ்வளவுதான். மூலப் பத்திரம் இல்லாமல் மொழிபெயர்ப்புக்கு என்ன மதிப்பு? அசல் லைசென்ஸைத் தொலைந்துவிடும் என்று வீட்டு பீரோவில் பூட்டிவைத்துவிட்டு இந்தப் புத்தகத்தை மட்டும் கொண்டுபோன ஒரு பெரியவர், வண்டி கிடைக்காமல் துபாயிலிருந்து எனக்குப் போன் செய்தார். இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் செல்லும்.

சரி, ஏன் ஒரு நாடு கேட்கிறது, இன்னொரு நாடு கேட்பதில்லை? இதற்குப் பின்னால் மூன்று உடன்படிக்கைகள் இருக்கின்றன: 1926 பாரிஸ், 1949 ஜெனீவா, 1968 வியன்னா. இன்று நமக்கு முக்கியமானவை பின்னால் வந்த இரண்டும். ஜெனீவா உடன்படிக்கையின் 24ஆவது பிரிவு சொல்வது இதுதான்: உறுப்பு நாடு ஒன்றில் முறையாக லைசென்ஸ் வாங்கியவரை, மற்ற உறுப்பு நாடுகள் மறுபடி தேர்வு வைக்காமல் ஓட்ட அனுமதிக்க வேண்டும். ஆனால் ஐ.டி.பி. கையில் இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை அந்தந்த நாட்டுக்கு உண்டு. கேட்கலாம், கேட்காமலும் விடலாம். சில நாடுகள் கேட்டன, சில விட்டுவிட்டன, சில ‘நம் எழுத்தில் இல்லாவிட்டால் மட்டும் கொண்டு வா’ என்றன. ‘வெளிநாட்டுக்கு ஐ.டி.பி. வேண்டுமா’ என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் கிடைக்காததற்கு இதுதான் காரணம்.

இந்தியா 1949 ஜெனீவா உடன்படிக்கையில் இருக்கிறது. நம் ஆர்.டி.ஓ. அலுவலகம் தரும் புத்தகமும் 1949 வகை. அதனால்தான் அதற்கு ஆயுள் ஒரு வருடம். 1968 வகைப் புத்தகத்துக்கு மூன்று வருடம் வரை ஆயுள் உண்டு. இந்த வேறுபாட்டை மனதில் வையுங்கள், ஜப்பானும் வியட்நாமும் வரும்போது தேவைப்படும்.

அடுத்து, நான் எல்லோரிடமும் வலியுறுத்திச் சொல்லும் விஷயம். உங்களிடம் இந்தப் புத்தகத்தைக் கேட்கக்கூடியவர் மூன்று பேர். சாலையில் நிறுத்தும் போலீஸ்காரர், சாவியைக் கையில் வைத்திருக்கும் வாடகை நிறுவனத்துக்காரர், விபத்துக்குப் பிறகு கோப்பைத் திறக்கும் இன்ஷூரன்ஸ்காரர். மூவரும் ஒரே விதியைப் பார்ப்பதில்லை. போலீஸ்காரர் பார்ப்பது நாட்டின் சட்டம். வாடகைக் கவுன்ட்டரில் பார்ப்பது அந்த நிறுவனம் தானே எழுதிவைத்த நிபந்தனை. இன்ஷூரன்ஸ்காரர் இரண்டையும் பார்ப்பார். சட்டம் வேண்டாம் என்று சொல்லும் நாட்டில்கூட நிறுவனம் வேண்டும் என்று சொல்லலாம், அதில் தவறே இல்லை, வண்டி அவர்களுடையது. மூவரில் யார் கண்டிப்போ, அவர் சொல்வதுதான் உங்களுக்கு விதி.

வாடகைக் கவுன்ட்டரில் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இணையத்தில் வண்டி பதிவு செய்யும்போது விலை, வண்டியின் படம், ‘பணம் செலுத்து’ பொத்தான் மூன்றும்தான் கண்ணில் படும். ஓட்டுநருக்கான நிபந்தனைகள் என்று கீழே ஒரு சிறிய இணைப்பு இருக்கும். ஐ.டி.பி. வேண்டுமா, லைசென்ஸ் வாங்கி எத்தனை வருடம் ஆகியிருக்க வேண்டும், எந்த கார்டு ஏற்கப்படும், 25 வயதுக்குக் குறைந்தவருக்குக் கூடுதல் கட்டணம் எவ்வளவு, எல்லாம் அதற்குள்தான். என் மூலம் விமான டிக்கெட் வாங்கிய ஒரு தம்பதி, காரை மட்டும் தாங்களே ஓர் இணையதளத்தில் முழுப் பணமும் கட்டிப் பதிவு செய்திருந்தார்கள். கிரேக்கத் தீவு ஒன்றில் இரவு இறங்கினால், ஐ.டி.பி. இல்லை என்று வண்டி தரவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, ‘தேவையான ஆவணம் இல்லாமல் வந்தால் வராததற்குச் சமம்’ என்ற நிபந்தனையைக் காட்டினார்கள். ஐந்து நாள் வாடகை போயிற்று. அந்தத் தீவில் டாக்ஸிக்குக் கொடுத்தது தனி. கவுன்ட்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாராம். நிறுவனத்தின் விதிக்கு அவர் என்ன செய்ய முடியும்?

கிரீஸில் இன்னொரு விஷயமும் உண்டு. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா லைசென்ஸ்காரர்களுக்கு 2021இல் சட்டத்தைத் திருத்தி விலக்கு கொடுத்தார்கள். இணையத்தில் ‘கிரீஸுக்கு ஐ.டி.பி. தேவையில்லை’ என்று எழுதுபவர்களில் பெரும்பாலோர் அந்த நாட்டவர்கள்தான், அவர்கள் அனுபவம் அவர்களுக்குச் சரி. இந்திய லைசென்ஸ் அந்தப் பட்டியலில் இல்லை. யார் எழுதியிருந்தாலும், எழுதியவர் கையில் எந்த நாட்டு லைசென்ஸ் இருந்தது என்று முதலில் பாருங்கள்.

இன்ஷூரன்ஸ்தான் எனக்கு உண்மையிலேயே கவலை தரும் இடம். கவுன்ட்டரில் மறுத்தால் சில ஆயிரம் ரூபாயோடு போய்விடும். கவுன்ட்டரில் பார்க்காமல் சாவியைக் கொடுத்துவிட்டால்? நீங்களும் நிம்மதியாக ஓட்டுவீர்கள். மோதல் ஒன்று நடந்து, எதிர்த்தரப்பில் ஒருவருக்குக் காயம் என்றால் அப்போதுதான் ஒவ்வொரு தாளும் வெளியே வரும். வாடகை ஒப்பந்தத்தில் வண்டிச் சேதத்துக்கான பாதுகாப்பு எல்லாமே, ஓட்டியவர் அந்த நாட்டுச் சட்டப்படி ஓட்டத் தகுதியானவராக இருந்தால்தான் என்ற அடிப்படையில் எழுதப்பட்டவை. சட்டம் கேட்கும் ஆவணம் உங்களிடம் இல்லையென்றால், முழுச் செலவையும் உங்களிடம் கேட்க அவர்களுக்கு வழி கிடைத்துவிடுகிறது. அதனால், ‘எனக்குச் சும்மாவே கொடுத்தார்கள்’ என்று யாராவது சொன்னால், வண்டி கிடைத்தது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பும் கிடைத்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இதே ஆபத்து இரு சக்கர வண்டியில் இன்னும் அதிகம். தாய்லாந்துக்கும் பாலிக்கும் போகும் நம் பிள்ளைகள் இறங்கியதும் ஸ்கூட்டர் எடுக்கிறார்கள். ஐ.டி.பி.யில் ‘ஏ’ என்பது மோட்டார் சைக்கிள், ‘பி’ என்பது கார். உங்கள் இந்திய லைசென்ஸில் கார் வகை மட்டும் இருந்தால் புத்தகத்தில் ‘பி’க்கு நேரே மட்டும்தான் முத்திரை விழும். அதை வைத்து ஸ்கூட்டர் ஓட்டினால் லைசென்ஸே இல்லாமல் ஓட்டியதாகத்தான் கணக்கு. கடைக்காரர் அதையெல்லாம் பார்க்காமல் கொடுத்துவிடுவார். விழுந்து காலை முறித்துக்கொண்டால், பயணக் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது அந்த வண்டிக்கான லைசென்ஸ் இருக்கிறதா என்றுதான். வெளிநாட்டு மருத்துவமனைச் செலவைக் கைக்காசில் கட்டுவது ஒரு குடும்பத்தையே கடனில் தள்ளிவிடும். தயவுசெய்து இதை வீட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

இனி நாடுகள். பிரிட்டனில் இந்திய லைசென்ஸோடு, வந்த நாளிலிருந்து 12 மாதம் வரை கார் ஓட்டலாம், சட்டம் ஐ.டி.பி. கேட்பதில்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் லைசென்ஸ் ஆங்கிலத்தில் இருந்தால் சுற்றுலா வந்தவருக்கு அது போதும். ஆங்கிலத்தில் இல்லாதவர்களுக்குத்தான் மொழிபெயர்ப்போ ஐ.டி.பி.யோ வேண்டும். ஐஸ்லாந்தில் லைசென்ஸ் லத்தீன் எழுத்தில் இருந்து, எண்ணும் புகைப்படமும் காலாவதித் தேதியும் தெளிவாக இருந்தால் சரி.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம். கலிஃபோர்னியாவில் சுற்றுலா வந்தவர் தன் நாட்டு லைசென்ஸோடு ஓட்டலாம். உங்கள் மைத்துனர் எங்கே இருக்கிறார் என்று தெரியாது, ஆனால் அவருடைய அனுபவம் பெரும்பாலும் இந்த வகைதான். ஃபுளோரிடாவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 2013 ஜனவரி 1 முதல், வெளிநாட்டு லைசென்ஸ்காரர் எல்லோரும் ஐ.டி.பி. வைத்திருக்க வேண்டும் என்று அங்கே சட்டம் அமலுக்கு வந்தது. குளிர்காலம் முழுவதையும் ஃபுளோரிடாவில் கழிக்கும் கனடாக்காரர்கள் பதறிப்போனார்கள். இந்தச் சட்டம் 1949 ஜெனீவா உடன்படிக்கைக்கு முரணாக இருக்கலாம் என்று கூறி, பிப்ரவரியிலேயே மாநில நெடுஞ்சாலைக் காவல் துறை அதை அமல்படுத்துவதை நிறுத்திவைத்தது. ஏப்ரலில் சட்டத்தையே திருத்திவிட்டார்கள். ஆனால் ‘ஃபுளோரிடாவில் கட்டாயம்’ என்று அப்போது எழுதப்பட்ட குறிப்புகள் பல வருடம் இணையத்தில் சுற்றிக்கொண்டே இருந்தன. எதைப் படித்தாலும் அது எழுதப்பட்ட தேதியைப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஐரோப்பியக் கண்டம் வேறு மாதிரி. லைசென்ஸ் ஆங்கிலத்தில் இருக்கிறதே என்ற வாதம் அங்கே பல இடங்களில் எடுபடாது, ஏனென்றால் ஆங்கிலம் அவர்களுடைய ஆட்சிமொழி இல்லை. ஜெர்மனியில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்த லைசென்ஸோடு மொழிபெயர்ப்போ ஐ.டி.பி.யோ வேண்டும். இத்தாலியிலும் அப்படித்தான்: ஐ.டி.பி., அல்லது முறைப்படி சான்றளிக்கப்பட்ட இத்தாலிய மொழிபெயர்ப்பு. இரண்டும் இல்லாமல் ஓட்டி மாட்டினால் அபராதம் 400 யூரோவுக்கு மேல். நம் ரூபாயில் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஐ.டி.பி.க்கான கட்டணம் 1000 ரூபாய்தான். சான்றளித்த மொழிபெயர்ப்புக்கு இதைவிட அதிகம் ஆகும், அலைச்சலும் கூட.

ஜப்பான் மிகவும் கண்டிப்பு, ஆனால் நமக்குச் சாதகமான கண்டிப்பு. அங்கே 1949 வகை ஐ.டி.பி. மட்டும்தான் செல்லும். 1968 வகைப் புத்தகம் கொண்டுவரும் ஜெர்மானியருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் அது பயன்படாது. அவர்கள் தங்கள் லைசென்ஸை ஜப்பானிய மொழியில் அதிகாரபூர்வமாகப் பெயர்த்து வாங்க வேண்டும். நம் ஆர்.டி.ஓ. தரும் 1949 வகைப் புத்தகம் அங்கே அப்படியே செல்லுபடியாகும். அது இல்லாமல் இந்திய லைசென்ஸை மட்டும் நீட்டினால் எந்த வாடகை நிலையத்திலும் வண்டி கிடைக்காது. ஹொக்கைடோவில் கார் எடுத்துச் சுற்ற ஆசைப்பட்டு, “ஆங்கிலத்தில் இருக்கிறதே, போதாதா” என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. போதவே போதாது. புத்தகமாகவே கையில் இருக்க வேண்டும், கைப்பேசியில் இருக்கும் படம் உதவாது.

வியட்நாம் இதற்கு நேர் எதிர். அந்த நாடு 1968 உடன்படிக்கையில் மட்டும் சேர்ந்தது. நம் கையில் இருப்பது 1949 வகை, அதனால் அது அங்கே செல்லாது. திருச்சியிலிருந்தே ஹோ சி மின் நகருக்கு நேரடி விமானம் வந்ததிலிருந்து என்னிடம் வியட்நாம் கேட்டு வருபவர்கள் நிறைய. ஹா ஜியாங் மலைப்பாதையில் பைக் ஓட்ட வேண்டும் என்பது இளைஞர்கள் பலரின் கனவு. அவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: உள்ளூர்க்காரர் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து போங்கள். காட்சி அதேதான், காப்பீடும் கெடாது. சீனப் பெருநிலத்தில் எந்த வகை ஐ.டி.பி.யும் செல்லாது, தற்காலிகச் சீன லைசென்ஸ் வாங்கினால்தான் ஓட்டலாம்.

துபாய் பக்கம் நம்மவர்கள் அதிகம் என்பதால் ஒரு வார்த்தை. விசிட் விசாவில் போகும் இந்திய லைசென்ஸ்காரர் ஐ.டி.பி. இருந்தால் வாடகைக் கார் எடுக்கலாம். அப்புறம் அங்கேயே வேலை கிடைத்து, குடியிருப்பு விசா ஆகிவிட்டால் அந்த நாளோடு ஐ.டி.பி.யின் வேலை முடிந்தது. அந்த நாட்டு லைசென்ஸ் எடுத்தாக வேண்டும். இது எல்லா நாட்டுக்கும் பொருந்தும். ஐ.டி.பி. விருந்தாளிக்கானது. படிக்கவோ வேலைக்கோ போய் அங்கே குடியேறியவருக்கு, அந்த நாடு வைத்திருக்கும் கெடுவுக்குள் உள்ளூர் லைசென்ஸ்தான் வழி. பிரிட்டனில் 12 மாதம் முடிந்ததும் இந்திய லைசென்ஸ்காரர் அங்கே எழுத்துத் தேர்விலும் வண்டி ஓட்டிக் காட்டும் தேர்விலும் தேற வேண்டும். வருடா வருடம் ஊரிலிருந்து புது ஐ.டி.பி. வரவழைத்து ஓட்டுவது சட்டப்படி சரியில்லை.

இலங்கைக்குப் போகிறவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். பக்கத்து நாடுதானே, இடப்பக்கம்தானே ஓட்டுகிறார்கள், ஐ.டி.பி.யும் இருக்கிறதே என்று கிளம்பிவிடுவார்கள். அங்கே ஐ.டி.பி. மட்டும் இருந்தால் போதாது. கொழும்பில் இருக்கும் இலங்கை ஆட்டோமொபைல் சங்கம் அதற்கு ஓர் அங்கீகாரம் தர வேண்டும். இல்லையென்றால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் தற்காலிக அனுமதிப்பத்திரம் வாங்க வேண்டும். 2025 ஆகஸ்டில் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே வெளிநாட்டவருக்குத் தற்காலிக அனுமதி கொடுக்கும் கவுன்ட்டர் திறந்தார்கள். முச்சக்கர வண்டியை வாடகைக்கு எடுத்துத் தாங்களே ஓட்டிச் சுற்றும் பயணிகளுக்கும் ஐ.டி.பி. மட்டும் போதாது. அங்குள்ள வாடகை நிறுவனங்கள் பல, ஆவணங்களை முன்கூட்டியே அனுப்பினால் இந்த அனுமதியைத் தாங்களே வாங்கி வைத்துவிடும். அப்படிச் செய்வது மிகவும் சௌகரியம்.

இனி வாங்கும் வழி. எந்த நாட்டில் லைசென்ஸ் வாங்கினீர்களோ அந்த நாடுதான் உங்களுக்கு ஐ.டி.பி. தரும். இத்தாலியில் போய் இறங்கி, அங்கே வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில், லைசென்ஸ் வேலைகளுக்கான சாரதி பகுதிக்குப் போய், லைசென்ஸ் எண்ணைக் கொடுத்து, படிவம் 4ஏ நிரப்பி, கட்டணம் கட்டி, பாஸ்போர்ட் நகலோடு உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போனால் போதும். முன்பெல்லாம் விசாவும் மருத்துவச் சான்றும் வேண்டும் என்று இருந்தது. 2021 ஜனவரி 7 அறிவிப்பில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அந்த இரண்டையும் எடுத்துவிட்டது, ஏனென்றால் போய் இறங்கிய பிறகே விசா கொடுக்கும் நாடுகள் பல இருக்கின்றன. அதே அறிவிப்பில், வெளிநாட்டில் இருக்கும்போது ஐ.டி.பி. காலாவதியானால் அங்குள்ள இந்தியத் தூதரகம் வழியாக விண்ணப்பிக்கவும் வழி செய்தார்கள். ஆனாலும் சில அலுவலகங்களில் பழைய பழக்கத்தில் விசா நகலையும் டிக்கெட்டையும் கேட்கலாம். இருந்தால் கையில் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள், வாதாடும் நேரம் மிச்சம்.

முன்பு ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு வடிவத்தில் கொடுத்துக்கொண்டிருந்தது. அளவு வேறு, நிறம் வேறு. வெளிநாட்டுக் கவுன்ட்டரில் அதைப் புரட்டிப் பார்த்துச் சந்தேகப்படுவார்கள். 2022 ஆகஸ்ட் 26 அன்று நாடு முழுவதற்கும் ஒரே வடிவம் என்று அறிவித்தார்கள். லைசென்ஸோடு இணைக்கும் கியூ.ஆர். குறியீடும், நம் வண்டி வகைகள் அந்த உடன்படிக்கைகளின் எந்த வகைக்குச் சமம் என்ற ஒப்பீடும் அதில் உண்டு. உங்களுக்குக் கிடைக்கும் புத்தகம் இந்த வடிவத்தில் இருக்கிறதா, உங்கள் பெயரும் வண்டி வகையும் சரியாக இருக்கின்றனவா என்று அலுவலகத்தை விட்டு வெளியே வரும் முன் பார்த்துவிடுங்கள்.

ஒரு வருடக் கெடு, புத்தகம் கொடுத்த தேதியிலிருந்து ஓடத் தொடங்கும். ஜூன் பயணத்துக்கு இப்போதே அவசரப்பட்டு வாங்க வேண்டியதில்லை, ஏப்ரல் கடைசியில் விண்ணப்பித்தால் போதும். அதற்கு முன், இன்றே உங்கள் லைசென்ஸின் காலாவதித் தேதியைப் பாருங்கள். லைசென்ஸ் முடிந்தால் ஐ.டி.பி.யும் அதோடு முடிந்தது. பழைய புத்தக வடிவ லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது: அது சாரதி தளத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, கார்டாக மாற்றிக்கொள்ள வேண்டும். கையெழுத்தில் எழுதிய புத்தகத்தை ஐரோப்பியக் கவுன்ட்டரில் காட்டி அவர்களை நம்பவைப்பது கடினம். கைப்பேசியில் ஆவணங்களை வைத்துக்கொள்ளும் அரசுச் செயலியான டிஜிலாக்கர் நம் ஊர்ப் போலீஸிடம் செல்லும், அங்கே செல்லாது.

இணையத்தில் ‘சர்வதேச லைசென்ஸ், மூன்றே நாளில், பத்து வருடத்துக்கு’ என்று டாலரில் விற்பவர்களைப் பார்ப்பீர்கள். பத்து வருடம் என்று சொன்ன உடனேயே தெரிந்துகொள்ளுங்கள், 1949 வகைக்கு ஒரு வருடம், 1968 வகைக்கு அதிகபட்சம் மூன்று வருடம், அதற்கு மேல் எந்த உடன்படிக்கையிலும் இல்லை. பார்க்க அழகான கார்டாக வரும். எந்த அரசும் அதன் பின்னால் இல்லை. போலி ஆவணம் காட்டியதாக ஒரு போலீஸ்காரர் நினைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

இனி நம் தமிழ்ப் பெயர்களின் பிரச்சினை. இதை எந்த வெளிநாட்டு வழிகாட்டியிலும் எழுதியிருக்க மாட்டார்கள், ஆனால் நான் அதிகம் பார்த்த சிக்கல் இதுதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். லைசென்ஸில் ‘முருகேசன் கே’ என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து, முருகேசன் ஒரு கட்டத்தில், அப்பா பெயர் கருப்பையா இன்னொரு கட்டத்தில் என்று இருக்கும். கிரெடிட் கார்டில் ‘கே முருகேசன்’. விமான டிக்கெட்டில் சேர்த்து ஒரே சொல்லாக. இது நான்கும் ஒரே ஆள் என்று நமக்குத் தெரியும். ரோம் விமான நிலையத்தில் இரவு பதினொரு மணிக்குக் கவுன்ட்டரில் நிற்கும் இத்தாலிய இளைஞருக்கு எப்படித் தெரியும்? அவர் அகராதியில் கருப்பையா என்பது குடும்பப் பெயர், அந்தப் பெயர் கார்டில் இல்லை, ஆகவே கார்டு வேறு ஒருவருடையது. வாடகைக்கு எடுப்பவர் பெயரிலேயே கார்டு இருக்க வேண்டும் என்பது எங்கும் இருக்கும் விதி, ஏனென்றால் முன்பணத்தை அதில்தான் நிறுத்திவைக்கிறார்கள்.

இதற்கு ஐ.டி.பி. கொஞ்சம் கைகொடுக்கும், ஏனென்றால் அது பாஸ்போர்ட்டையும் சேர்த்துப் பார்த்துக் கொடுக்கப்படுகிறது. ஆனால் முழுத் தீர்வு முன்கூட்டியே சரிசெய்வதுதான். வாடகைப் பதிவை பாஸ்போர்ட்டில் இருக்கும்படியே செய்யுங்கள். வங்கியில் சொல்லி, கிரெடிட் கார்டில் பெயரை பாஸ்போர்ட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள், புது கார்டு வர அதிக நாள் ஆகாது. முடிந்தால் லைசென்ஸிலும் பெயரை விரித்து எழுதவையுங்கள். டெபிட் கார்டை நம்பிப் போகாதீர்கள், பல இடங்களில் முன்பணத்துக்கு அதை ஏற்பதில்லை.

இத்தாலிக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும், கேட்காவிட்டாலும். ஃபிளாரன்ஸ், சியெனா, பீசா போன்ற பழைய நகரங்களின் நடுப்பகுதிக்குள் வெளி வண்டிகள் நுழையக் கூடாது. ‘ஸோனா ஆ ட்ராஃபிகோ லிமிடாட்டோ’ என்று பலகை இருக்கும், வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம். கேமரா எண்ணைப் படம் பிடிக்கும். யாரும் நிறுத்த மாட்டார்கள், ஊர் திரும்பிப் பல மாதம் கழித்து அபராதம் வீட்டுக்கு வரும், உங்கள் முகவரியைக் கொடுத்ததற்கு வாடகை நிறுவனம் தனியாக ஒரு கட்டணமும் உங்கள் கார்டிலிருந்து எடுத்திருக்கும். ஊருக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு நடந்தோ பஸ்ஸிலோ உள்ளே போங்கள். இன்னொன்று, ஐரோப்பாவில் மலிவாகக் கிடைப்பது கியர் வண்டிதான். நமக்கு அது பழக்கம் என்றாலும், ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும்போது வலது கையால் கியர் போட வேண்டும். கூடுதல் காசு கொடுத்து ஆட்டோமேட்டிக் எடுங்கள் என்பேன்.

உங்கள் மனைவியும் இடையில் ஓட்டுவார் என்று எழுதியிருந்தீர்கள். அவருக்கும் தனியாக ஐ.டி.பி. வாங்க வேண்டும், ஒருவர் புத்தகத்தில் இன்னொருவரைச் சேர்க்க முடியாது. வண்டி எடுக்கும்போதே அவரை இரண்டாவது ஓட்டுநராக ஒப்பந்தத்தில் எழுதவையுங்கள். அதற்கு நாள் கணக்கில் ஒரு கட்டணம் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். அவர் பெயர் அதில் இல்லாமல் அவர் ஓட்டும்போது ஏதாவது நடந்தால், நீங்கள் இருவரும் வாங்கிவைத்த எந்தப் புத்தகமும் இன்ஷூரன்ஸுக்கு உதவாது.